முதல் பாட்டுக்கு ஆகாத கை

தருமனுக்குக் கோபம் வர வேறு எதுவும் வேண்டாம், பிள்ளையார் பாட்டு காதில் விழுந்தால் போதும். ஊரில் மற்றவர்களுக்கு அந்தப் பாட்டைக் கேட்டதும் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். இவனுக்குப் பல் நறநறக்கும். சாமி மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது, பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிற ஆள்தான். கோபமெல்லாம் அந்தப் பாட்டு நடக்கும்போது தன்னை எங்கே நிற்க வைத்தார்கள் என்பதைப் பற்றித்தான்.

தருமன் கிட்டார் வாசிப்பவன். திருவண்ணாமலையில் வேணு நடத்திவந்த தீபஒளி இன்னிசைக் குழுவில் லீட் கிட்டார். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் திருவிழா, கட்சிக் கூட்டத்துக்குத் தலைவர் வருகிற வரைக்கும் ஆட்களைக் கலையாமல் உட்கார வைக்கிற கச்சேரி என்று எல்லாவற்றுக்கும் போவார்கள். எந்தக் கச்சேரியானாலும் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் தருமன் மேடையில் இருக்கக் கூடாது. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கமோ சமையல்கட்டுப் பக்கமோ, நிற்க வேண்டும். பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டதும் ஏறி வரலாம். காரணம், அவன் கம்பியை மீட்டுவது இடது கையால்.

இந்த இடது கையோடு அவன் பட்ட பாடு கிட்டாரில் தொடங்கியதல்ல. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். பிள்ளை சோற்றுக்கு இடது கையை நீட்டுகிறான் என்று கண்டதும் அம்மா ஜோதியம்மாள் பழைய புடவைக் கிழிசலால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் தட்டை வைப்பாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஸ்கேலைப் பக்கவாட்டில் பிடித்து விரல் முட்டியில் போடுவார். கோயிலில் திருநீறுக்கு இடது கையை நீட்டிவிட்டு ஊர் நடுவில் திட்டு வாங்கியதும் உண்டு. எழுத்து வலதுக்கு வந்தது, சோறு வலதுக்கு வந்தது, கும்பிடு வந்தது. பையன் திருந்திவிட்டான் என்று வீட்டில் நிம்மதியானார்கள். இதில் திருந்துவதற்கு அவன் என்ன திருடினானா, பொய் சொன்னானா என்று ஒருவரும் தங்களையே கேட்டுக்கொள்ளவில்லை.

எண்பத்தொன்பதில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வயரிங் வேலைக்கு வந்தான். ரமணாசிரமத்தை ஒட்டிச் செங்கம் ரோடு நெடுக வாடகை அறைகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். ஃபேன் ஓடவில்லை, ஹீட்டர் ஷாக் அடிக்கிறது என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு அறையில் ஃபேன் மாட்டப் போனபோது கட்டிலில் ஒரு கிட்டார் கிடந்தது. அறைக்காரர் ஒரு சுவிஸ்காரர். வேண்டுமானால் எடுத்துப் பார் என்று சைகை காட்டினார். தருமன் எடுத்து மடியில் வைத்தான். வலது கை போய்க் கழுத்தைப் பிடித்துக்கொண்டது, இடது கை யாரையும் கேட்காமல் கம்பி மேல் விழுந்தது. அந்தக் கையை அதட்ட அங்கே அம்மா இல்லை, வாத்தியார் இல்லை. ஃபேனை மறந்து அரை நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவனே வேலூரில் ஒரு பழைய கிட்டாரைப் பிடித்து வாங்கினான். கடையில் இருக்கிற கிட்டார் எல்லாமே வலது கைக்காரனுக்குச் செய்தது. அதைக் கவிழ்த்துப் பிடித்தால் தடிக் கம்பி கீழே வந்துவிடும், மெல்லிய கம்பி மேலே போய்விடும். ஆகவே ஆறு கம்பியையும் கழற்றி இடம் மாற்றிக் கட்டினான். மாற்றினால் தடிக் கம்பி அதற்கென்று அறுத்த பள்ளத்தில் உட்காராது, மெல்லியது அகலப் பள்ளத்தில் ஆடி இரையும். கழுத்து நுனியில் கம்பி படிகிற அந்த வெள்ளைப் பட்டையைப் பெயர்த்துவிட்டு, ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து, அரம் போட்டு ராவி, புதிதாக ஒன்று செய்து ஒட்டினான். முதல் தடவை சரியாக சுதி சேர்ந்தபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செங்கம் ரோட்டில் ஒரு வாடகை சைக்கிள் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டார்க்காரர்கள் கூடுவார்கள். சுற்றுவட்டாரக் குழுக்களில் வாசிப்பவர்கள், சர்ச்சில் வாசிக்கும் ஒருவர், ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் ஒன்றிரண்டு பேர். டீ வரும், கூடவே யோசனைகள் வரும். புதுக் கம்பிக்கு மெட்ராஸ் போக முடியாதவன் பழைய கம்பியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் அழுக்குப் போய்ச் சத்தம் கொஞ்சம் தெளியும். கம்பியை மீட்டுகிற பிக் தொலைந்துபோனால் சோப்பு டப்பா மூடியை வெட்டித் தேய்த்துக்கொள்ளலாம். எந்தப் பாட்டுக்குக் கழுத்தில் எந்த இடத்தில் கேப்போ என்கிற கவ்வியைப் போட வேண்டும், கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் எந்த மாதிரிப் பாட்டு எடுத்தால் கூட்டம் எழுந்து போகாது, எல்லாம் பேசுவார்கள். கிட்டார் கழுத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்ன ஒரு புண்ணியவானின் பேச்சைக் கேட்டு இரண்டு பேருடைய பெட்டிக்குள் எறும்பு குடிவந்தது. தருமன் தன் பங்குக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தான். திருவிழா மேடையில் செருப்புப் போட முடியாது, ஜெனரேட்டருக்கு எர்த் இருக்காது, கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டால் சுளீர் என்று அடிக்கும். காலடியில் ஒரு மரப்பலகை போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம். அதற்குப் பிறகு எல்லாக் குழுக்காரர்களும் பலகை தூக்கிக்கொண்டு போனார்கள்.

தருமனுக்கு அவர்கள் திருப்பிக் கொடுத்த யோசனை ஒன்றே ஒன்றுதான். கையை மாற்று. "சின்னப் புள்ளயிலேயே எழுத்தை மாத்திக்கினல்ல, இதையும் மாத்திக்க, என்னா இப்போ?" என்பார்கள். சர்ச்சில் வாசிப்பவர் மெதுவாகச் சொல்வார், குழுக்காரர்கள் உரக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மாற்றிப் பார்க்காமலா இருந்தான்? ஒரு மழைக்காலம் முழுக்க வலது கையில் பிக்கைப் பிடித்து உயிரை விட்டான். தாளம் காலில் இருந்தது, தலையில் இருந்தது, அந்தக் கைக்கு மட்டும் வரவே இல்லை. சுவிஸ்காரர் வேறு ரகம். இடது கை சக்தியின் கை, அது ஒரு வரம் என்று சொல்லி, மலை பின்னால் தெரிகிற மாதிரி அவனை உட்கார வைத்து அந்தக் கையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தருமன் கொதித்துப்போனான். "வாசிச்சது எப்படி இருந்துச்சுனு ஒரு வார்த்தை சொல்லல. கையைப் படம் புடிச்சிக்கினு போறான். என் கை இன்னா மியூசியத்துல வைக்கிற பொருளா?"

வேணுவின் குழுவில் சேர்ந்தபோது வேணு கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேணு கீபோர்டு வாசிப்பவர், நாற்பதைத் தாண்டியவர், யாரிடமும் முகம் கோணாமல் பேசி ஊரில் பாதிக் கல்யாணங்களைப் பிடித்து வைத்திருந்தவர். தருமன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கச்சேரி, வந்துவிடு என்றார். ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. தொண்ணூற்றிரண்டில் பெரிய தெரு மண்டபம் ஒன்றில் ஒரு கல்யாண வரவேற்பு. மறுநாள் வேணு அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ தப்பா நெனச்சிக்காத தருமா. நேத்து மாப்ள வீட்டுல ஒரு மாதிரி பேசிக்கிட்டாங்க. மங்கள காரியம், பிள்ளையார் பாட்டு, இந்தப் பையன் இடது கையால வாசிக்கிறானேனு. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நீ கொஞ்சம் எறங்கி நில்லு. பாக்கி எல்லாம் நீதான்."

தருமனுக்குக் காது சூடேறியது. "அண்ணா, மத்தவங்க வாசிக்கிறதை நல்லாப் பாருங்க. ஸ்வரம் புடிக்கிறது எந்தக் கை? இடது கைதான? வலது கை சும்மா கம்பியைத் தட்டிக்கினு கிடக்குது. எனக்கு ஸ்வரம் புடிக்கிறதே வலது கைதான். அப்போ நான்தான வலது கையால வாசிக்கிறேன்?"

"நியாயம்தாம்பா. ஆனா கூட்டத்துக்கு அது தெரியாதே. ஆடுற கைதான கண்ணுக்குத் தெரியுது."

"தவில்காரர் இடது கையிலதான் குச்சி புடிக்கிறாரு. தாலி கட்டற நேரத்துல அவரை வெளிய நிக்கச் சொல்றாங்களா? இந்த ஊர்ல சாமியே இடது பக்கத்தை அம்பாளுக்குக் குடுத்துட்டு நிக்குது. தீபத்தன்னிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளிய வர்றதைப் பாக்க லட்சம் பேர் முட்டி மோதிக்கினு நிக்கிறாங்க. என் கை மட்டும் இன்னாத்துல கொறைஞ்சி போச்சு?"

வேணு எல்லாவற்றுக்கும் நியாயம்தான், நியாயம்தான் என்றார். அவரிடம் இது ஒரு வியாதி. நியாயம் என்று ஒத்துக்கொண்டுவிட்டால் அதைச் செய்ய வேண்டியதில்லை என்று நினைக்கிற மனிதர். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், குழு பெயர் கெட்டுவிடும், நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றார். தருமன் அன்றைக்கே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. போனால் வேறு குழு இல்லை, வாசிக்காமல் அவனால் இருக்கவும் முடியாது. அந்த வாரக் கச்சேரியில் முதல் தடவையாக மேடைக்குப் பின்னால் போய் நின்றான். சமையல்காரர் ஒருவர் அவன் தோளில் கிட்டாரைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வழி தெரியலையா?" என்று கேட்டார்.

அப்படியே வழக்கமாகிவிட்டது. ஒரு அநியாயம் வழக்கமாகிவிட்டால் அதைப் பற்றிப் பேசுகிறவன்தான் வம்புக்காரன். தபேலாக்காரருக்கும் பாடுகிறவர்களுக்கும் தருமன் மேடையை விட்டு இறங்குவது மைக் டெஸ்ட் மாதிரி ஒரு வேலை ஆகிவிட்டது. "தருமா, ஸ்டார்ட் பண்ணப் போறோம்" என்பார்கள். அதற்கு அர்த்தம், இறங்கு. கல்யாணமாகி வந்த மனைவி சரசுவுக்கு இதை அவன் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது? என் புருஷன் கிட்டார் வாசிக்கிறார் என்று அவள் தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

கவிழ்த்துப் பிடித்த கிட்டாரின் தொல்லை வேறு கூடவே இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் மேல் பக்கம் வந்துவிடும். வேகமான பாட்டில் முழங்கை அதில் உரசி, பாட்டு நடுவில் சத்தம் சுத்தமாகப் போய்விடும். தனக்கென்று ஒரு இடது கைக் கிட்டாரைச் செய்துவிட வேண்டும் என்று தொண்ணூற்றாறில் முடிவு பண்ணினான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மாதக்கணக்கில் அதே பேச்சுதான். உடம்புக்குப் பலா, கழுத்துக்குத் தேக்கு, அதுவும் பழைய வாசல்காலில் எடுத்த தேக்காக இருந்தால் இனிமேல் வளையாது என்றார்கள். கழுத்தில் பதிக்கிற கட்டைகளின் இடைவெளியை எப்படி அளப்பது என்பதில் இரண்டு பேருக்குக் கைகலப்பு வராத குறை. கம்பியின் சத்தத்தை ஒயருக்கு அனுப்புகிற பிக்கப்பைச் சுவிஸ்காரர் அடுத்த வருஷம் வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஒன்றுக்காகத் தருமன் போட்டோ விஷயத்தை மன்னித்தான்.

மரவேலைக்கு ராஜேந்திரன். தேரடிப் பக்கம் பட்டறை, கதவும் ஜன்னலும் கட்டிலும் செய்பவர், கை சுத்தம். தருமன் காக்கிக் காகிதத்தில் முழு அளவுக்குப் படம் வரைந்து, எந்தப் பக்கம் வளைவு, எந்தப் பக்கம் குமிழ் என்று குறித்துக் கொடுத்தான். மாடலுக்குக் கடை கிட்டார் ஒன்றின் போட்டோவையும் வைத்தான். தப்பு அங்கேதான் நடந்தது.

மரத்தைச் செதுக்கி, ராவி, வார்னிஷ் போட்டு முடிக்கிற வரைக்கும் ராஜேந்திரன் பார்க்க விடவில்லை. கூப்பிட்டனுப்பிய அன்று சாக்கை விலக்கிக் காட்டினார். வழுவழுவென்று, ஒரு பிசிறு இல்லாமல், கடைக் கிட்டார் பிச்சை வாங்க வேண்டும். தருமன் கையில் எடுத்தான். முகம் கறுத்தது.

"அண்ணா, இது வலது கைக் கிட்டாரு."

"ஆமா. நீ படத்தைக் கண்ணாடியில பாத்த மாதிரி திருப்பி வரைஞ்சி வச்சிருந்த. போட்டோவோட வச்சிப் பாத்தேன், பக்கம் மாறியிருந்திச்சி. நல்ல வேளை நான் கவனிச்சேன். சரி பண்ணிட்டேன்."

அவர் சொன்னது அவ்வளவு பெருமையாக, அவ்வளவு அன்பாக. யாரைத் திட்டுவது? அம்மா கட்டியதும் அன்பில்தான், வாத்தியார் அடித்ததும் பையன் உருப்பட வேண்டும் என்றுதான். இவரும் சரி பண்ணிவிட்டார். பார்க்கிறவர்களெல்லாம் தருமனை எடுத்துச் சரி பண்ணிக்கொண்டே இருந்தார்கள். பட்டறை வாசலில் நின்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து இரும்புக் கடைக்காரர் ஓடி வந்தார். ராஜேந்திரன் கடைசி வரைக்கும் தான் செய்த தப்பு என்ன என்று புரியாமல் விழித்துக்கொண்டு நின்றார். வேறு ஒன்று செய்து தருகிறேன் என்றார். வாசல்கால் தேக்குக்கு எங்கே போவது?

செய்தி வேணுவுக்கு எட்டியது. அவர் வந்து கிட்டாரைத் தடவிப் பார்த்தார். "உனக்கு இது ஆவாது தருமா. குழுவுல இருக்கட்டுமே, நம்ம எல்லாருக்கும் பொதுவா" என்றார். வீட்டில் அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்துகொண்டிருந்ததால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றான். அடுத்த கச்சேரிக்கு வேணு அருண்பிரசாத் என்ற இளைஞனைக் கூட்டிவந்தார். இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிறான், நல்ல பையன், ஓரளவு வாசிப்பான், வலது கைக்காரன். முதல் பாட்டு கிட்டார் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது, அதற்கு மட்டும் என்றார். தருமன் கீழே இறங்கினான். அவன் யோசித்து, அவன் அளந்து, அவன் ஆசையாசையாய்ச் செய்யச் சொன்ன கிட்டார் பிள்ளையார் பாட்டுக்கு மேடையில் இருந்தது. அவன் தயிர்ப் பானைகளுக்குப் பக்கத்தில் நின்றான். அந்த நிமிஷத்துக் கோபத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வார்த்தை கிடைத்திருந்தால் குழுவை அன்றைக்கே எரித்திருப்பான்.

அருண்பிரசாத்துக்கே அது உறுத்தியது. "அண்ணா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நீங்களே வாசிங்களேன்" என்று ஒருநாள் சொன்னான். "என்கிட்ட இன்னாத்துக்குப்பா சொல்ற, போய் அவர்கிட்ட சொல்லு" என்று எரிந்து விழுந்தான் தருமன். பையன் போய்ச் சொல்லவும் சொன்னான். வேணு அவனிடமும் நியாயம்தான் என்றார்.

இரண்டாயிரத்து இரண்டு தை மாதத்தில் சரசுவின் தாய்மாமன் மண்ணாங்கட்டியின் மகள் அன்புச்செல்விக்குக் கல்யாணம். மண்ணாங்கட்டி கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர், வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். நம்ம வீட்டு மாப்பிள்ளை வாசிக்கிற குழுதான் வர வேண்டும் என்று அவரே வந்து வேணுவிடம் பேசி முடித்தார். சரசு பட்டுப் புடவையில் மூன்றாவது வரிசையில் சொந்தக்காரப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். தீபஒளிக் குழுவின் கச்சேரியை அவள் தொடக்கத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"தருமா, ஸ்டார்ட் பண்ணப் போறோம்" என்றார் வேணு.

தருமன் இறங்கிப் பின்பக்கம் போனான். இலை அடுக்கிக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னா மாப்ள, இங்க வந்து நிக்கிறீங்க? கச்சேரி அங்க நடக்குது" என்று ஒருவர் சிரித்தார். அவன் வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னான். அதற்குள் சரசு வந்துவிட்டாள்.

"இன்னாங்க இது? அந்தப் புள்ள ஏறி நிக்குது, நீங்க சமையக் கொட்டாய்ல நிக்கிறீங்க?"

இத்தனை வருஷமாக ஒளித்து வைத்ததை அவன் நாலு வாக்கியத்தில் சொன்னான். சொல்லும்போது அவமானத்தில் அவளைப் பார்க்கவில்லை. சரசு நேராகப் போய், வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்த மாமனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, உங்க வீட்டுக் கல்யாணத்துல இவரு இடது கையால பிள்ளையார் பாட்டு வாசிச்சா ஆவாதுனு நீங்க சொன்னீங்களா?"

மண்ணாங்கட்டி மாறி மாறிப் பார்த்தார். "நான் எப்பம்மா சொன்னேன்? மாப்ள எந்தக் கையால வாசிச்சா எனக்கு இன்னா? நல்லாக் கேக்கற மாதிரி வாசிச்சா செரி. கல்யாணப் பையன் வீட்டுலயா சொன்னாங்க? யாரு சொன்னது, கூப்புடு." அவர் குரல் மண்டபத்து மறுகோடிக்குப் போனது. வேணு கீபோர்டை விட்டுவிட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"வேணு, எங்க மாப்ளயை யாருய்யா எறங்கச் சொன்னது?"

"யாரும்... வழக்கமா அப்படித்தாங்க. ஒரு பேச்சு வந்துடக் கூடாதுனு..."

தருமன் முன்னால் வந்தான். "வழக்கத்தை விடுங்கண்ணா. தொண்ணூத்திரண்டுல, பெரிய தெரு மண்டபத்துல, மாப்ள வீட்டுல பேசிக்கிட்டாங்கனு சொன்னீங்களே. யாரு பேசினது? இன்னா சொன்னாரு?"

வேணு துண்டால் முகத்தைத் துடைத்தார். "பேசலப்பா," என்றார் கடைசியில். "முன் வரிசையில ஒரு பெரியவரு உன்னையே உத்துப் பாத்துக்கினு இருந்தாரு. எங்க சொல்லிடப் போறாரோனு எனக்குப் பயமாயிடுச்சி. சொல்றதுக்கு முன்னாடி நாமளே..."

"அப்போ ஒருத்தரும் சொல்லல."

"சொல்லல."

"இத்தினி வருஷத்துல ஒருத்தர்கூட?"

வேணு மறுபடியும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

தருமன் அவரை அடித்துவிடுவான் என்று சரசு பயந்தாள். அவன் அடிக்கவில்லை. கிட்டாரைத் தூக்கி மாட்டிக்கொண்டு மேடைப் படியில் ஏறினான். அருண்பிரசாத் தன் கிட்டார் ஒயரின் ஜாக்கைப் பிடுங்கிவிட்டு ஒதுங்கி இடம் விட்டான். மேடைக்கு நடு முன்னால், ஒரு மறைப்பும் இல்லாத இடத்தில், முழு வெளிச்சத்தில் தருமன் நின்றான். தபேலாக்காரர் வேணுவைப் பார்த்தார், வேணு தலையாட்டினார். பாட்டு தொடங்கியது.

தருமன் வாசித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தான். முதல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். மொய் எழுதுகிற மேசை எங்கே என்று ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தைக்கு மூக்குத் துடைத்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், மூடிய கண்ணோடு கொட்டாவியும் விட்டார். பாதிப் பேர் பந்திக்குக் கூப்பிடுகிறார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இடது கையைத் தேவைக்கு மேல் தூக்கித் தூக்கிக் கம்பியில் போட்டான். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், முகத்தைச் சுளிக்கட்டும் என்று காத்திருந்தான். சுளித்திருந்தால் அந்தப் பத்து வருஷத்துக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

இரண்டாவது சரணத்தில் நாலாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். தருமனைப் பார்த்து நேராகவே கையை நீட்டினாள். இதோ வந்துவிட்டாள் என்று அவன் கம்பியை இன்னும் ஓங்கித் தட்டினான்.

"ஏம்பா கிட்டாரு," என்றாள் அந்த அம்மாள், "சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணேன். பேசறது ஒண்ணும் காதுல விழல."